சாப்பிடாமல் ஊசி போடாதேங்கோ

மருந்து கொடுக்கிற வேலையில் மருந்தின் பெயரைவிட அதன் நிறத்தைத்தான் அதிகம் படிக்க வேண்டியிருக்கிறது. கண்டாவளைப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் நான் மருந்தாளர். யன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கால் கடுத்தவர்கள் நீங்கள், இந்தப் பக்கம் நின்று தொண்டை வறண்டவள் நான். ஆகவே ஒருவரை ஒருவர் ஏசுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்போம்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிற எல்லோருக்கும் நான் சொல்லுகிற ஒரு வசனம் உண்டு: "சாப்பிடாமல் ஊசி போடாதேங்கோ, மயங்கி விழுந்திடுவியள்." வயது பார்ப்பதில்லை, ஆள் பார்ப்பதில்லை. கை மருந்தை நீட்டும்போதே வாய் அதைச் சொல்லிவிடும். வரிசை நீளம், எனக்கோ பொறுமை குறைவு, ஒரு ஆளுக்கு ஒரு வசனம் போதும் என்று இருந்தேன்.

அந்த மாரியில் பெரிய குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்தார்கள். விடிந்தபோது ஆஸ்பத்திரி முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர், கரண்டும் இல்லை. மருந்துகளை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். டொக்டர், நான், எங்கள் சிற்றூழியர் தவம் அண்ணை, மூன்று பேர்தான். ஊர் எங்களுக்கு முன்னமே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

எல்லாம் இருந்த பை

இடம்பெயர எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எந்த வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்கும். தண்ணீர் வருகுது என்று கேட்டவுடன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நான் ஆறாம் வகுப்பு அறையில் மேசையைப் போட்டு உட்கார்ந்ததும் முதலில் வந்தவர் சிவஞானம் ஐயா, குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்கிற கமக்காரர். பல வருடமாகப் பிரஷருக்குக் குளிசை எடுக்கிறவர். மருந்து எழுதிய கிளினிக் கொப்பி எங்கே என்று கேட்டேன்.

ஐயா பையை மேசையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். காணி உறுதி, நாலு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, அடையாள அட்டைப் பிரதி, சண்டைக் காலத்தில் முகாமில் இருந்தபோது கொடுத்த அட்டை. எல்லாம் பொலித்தீனில் சுற்றி, ஒரு சொட்டு ஈரம் படாமல் இருந்தன. கொப்பியும் இல்லை, ஒரு குளிசையும் இல்லை. இவ்வளவையும் கொண்டு வந்தவர் அதை மறந்துவிட்டாரே என்று எனக்குக் கோபம் வந்தது, கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். ஐயா கடதாசிகளைத் திரும்ப அடுக்கியபடி சொன்னார்:

"மறக்கேல்லப் பிள்ளை. இந்தப் பாக் கட்டேக்க எனக்குப் பிரஷர் இருக்கேல்ல."

கலர் சோக்கு

அவர் மட்டுமல்ல, அறையில் பாதிப் பேருக்கு அதே கதைதான். கொப்பி தண்ணீரில் போய்விட்டது, மருந்தின் பெயர் தெரியாது. "காலமை ரோஸ், படுக்கேக்க அரை மஞ்சள்" என்றார்கள். எங்கள் பதிவேடுகள் ஆஸ்பத்திரி அலுமாரியின் மேல்தட்டில், தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தன. வகுப்பறையில் கலர் சோக்குகள் கிடந்தன. கரும்பலகையில் குளிசைகளை வட்டமும் நீளமுமாக, நிறத்தோடு பெரிதாகக் கீறினேன். சனம் ஒவ்வொருவராக வந்து தங்கள் குளிசையில் விரலை வைத்தது. டொக்டர் பிரஷர் பார்த்து, சீனி பார்த்து, சரி என்றால் எழுதிக் கொடுத்தார்.

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை பின்னேரம் வரைக்கும்தான்; கம்பனி மாறினால் அதே குளிசையின் நிறமும் மாறும் என்பதை மறந்திருந்தேன். ஒரு அம்மா பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்று தேடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்:

"என்ர இதில இல்லைப் பிள்ளை. ரோசாத்தான் இருந்தது, போன மாதம் நீங்கள்தானே வெள்ளையாக்கினனீங்கள்."

ஐஸ் பெட்டி

இன்சுலின் குப்பிகளை ஐஸ் பெட்டியில் கொண்டு வந்திருந்தேன். இன்சுலின் போடுகிறவர்களை எனக்குப் பதிவேடு இல்லாமலே தெரியும். ஒவ்வொருவராக வந்தார்கள், ஒருத்தியைத் தவிர. ஜெசிந்தா களப்புக் கரையில் இருப்பவள், மீன்பிடிக் குடும்பம், இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே ஊசி போடுகிறாள். அவளின் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை, குப்பியில் இருப்பதுதான் அவளின் உயிர். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. குப்பியை மண்பானைத் தண்ணீரில் வைக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பானை மிதந்து போயிருக்கும், குப்பியும் போயிருக்கும் என்று மனம் அடித்துக்கொண்டது.

அவளுக்கென்று ஒரு குப்பியை ஒதுக்கி வைத்தேன். வீதியை மூடித் தண்ணீர் ஓடியது, போனும் இல்லை. கரைப்பக்கத்துச் சனம் கோயிலில் ஒதுங்கியிருக்கிறது என்று மட்டும் கேள்விப்பட்டோம். வாசலில் உழவு இயந்திரச் சத்தம் கேட்டால் எழுந்து போவேன். திரும்பி வந்து, குப்பி இருக்கிறதா, ஐஸ் இருக்கிறதா என்று பெட்டியைத் திறப்பேன். தவம் அண்ணை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்:

"தங்கச்சி, இனி அந்தப் பிள்ளை வந்தால்தான் நான் எழும்புவன்."

இரண்டு காப்சூல்

வெள்ளத்துக்குப் பின்னால் எலிக்காய்ச்சல் வரும். வயலுக்குள் இறங்குகிறவர்களுக்கு டொக்டர் சொல்லி இரண்டு இரண்டு காப்சூல் கொடுத்தோம். அடுத்த நாள் சிவஞானம் ஐயா வந்து இன்னும் இரண்டு கேட்டார். நேற்றுத் தந்தது எங்கே என்றேன். ஒன்றைத் தான் விழுங்கியதாகச் சொன்னார். மற்றதைக் கேட்டபோது வாசலைப் பார்த்தார். வாசலில் அவருடைய பசு, கழுத்தளவு தண்ணீரில் அவர் இழுத்து வந்தது, வேலியில் கட்டி நின்றது. மாட்டுக்கு வேறு வைத்தியர் இருக்கிறார் என்று நான் தொடங்க, ஐயா குறுக்கிட்டார்:

"அதுவும் என்னோடதானே பிள்ளை தண்ணிக்க நிண்டது."

பானை

மூன்றாம் நாள் மத்தியானம் கடற்றொழிலாளர் சங்கத்து வள்ளம் கோயிலில் இருந்தவர்களை ஏற்றி வந்து வீதியில் விட்டது. ஜெசிந்தாவை அவளின் புருசன் அமலன் தாங்கிக்கொண்டு வந்தான், பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். அவள் மண்பானையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். வேறொன்றும் கொண்டு வரவில்லை. பானைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் பொலித்தீனில் ஊசியோடு சேர்த்து முடிந்த குப்பி, குளிர்ந்தபடியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சிரிக்கவும் செய்தேன். ஊர் முழுக்கக் கடதாசியோடு வர, மருந்தோடு வந்தவள் இவள் ஒருத்தி.

பிறகுதான் அவளைப் பார்த்தேன். மூச்சை இழுத்து இழுத்து விட்டாள், வாயில் அழுகின பழத்தின் வாசம். தண்ணி தாங்கோ என்றாள், கொடுத்ததைச் சத்தி எடுத்தாள். டொக்டர் ஓடி வந்து சேலைன் ஏற்றத் தொடங்கினார். கடைசியாக எப்போது ஊசி போட்டாய் என்று கேட்டேன். வெள்ளம் வந்த அன்று காலமையாம். கோயிலில் இருந்த பிஸ்கட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு இவள் பட்டினி. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் போடவில்லை என்று நான் கத்தியே விட்டேன். ஜெசிந்தா கண்ணை மூடியபடி, மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னாள்:

"சாப்பிடேல்லையே மிஸ்... சாப்பிடாமல் போடாதேங்கோ எண்டு... நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

உழவு இயந்திரத்தில்

டொக்டர் அங்கேயே இன்சுலினைத் தொடங்கி, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிள்ளைகளைத் தவம் அண்ணையிடம் விட்டுவிட்டு அமலனும் நானும் ஏறினோம். உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் பாய் விரித்து அவளைக் கிடத்தி, சேலைன் போத்தலை நான் உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். என் வசனம் பொய்யல்ல. சாப்பிடாமல் முழு அளவையும் போட்டால் மயக்கம் வரும். ஆனால் அவளைப் போன்றவர்கள் ஊசியை அடியோடு நிறுத்தவே கூடாது. சாப்பாடு இல்லையென்றால் உடனே எங்களிடம் வர வேண்டும், வர முடியாவிட்டால் டொக்டர் சொல்லிவைத்த அளவுக்குக் குறைத்துப் போட வேண்டும். இது நான் சோதனையில் எழுதிப் பாஸ் பண்ணின விசயம். அந்த இரண்டாம் வசனத்தை நான் ஒரு நாளும் அவளுக்குச் சொல்லவில்லை.

வழி முழுக்க அமலனிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் உன்னியது. தண்ணீரைத் தாண்டி மேட்டில் ஏறியபோது சொன்னேன், பிழை என்னுடையது என்று. அவன் அவளின் காலைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"கை உளையுதெண்டால் போத்தலைத் தாங்கோ மிஸ், நான் பிடிக்கிறன்."

திரும்பவும் யன்னல்

அவள் பிழைத்தாள் என்ற செய்தி நாலு நாள் கழித்துத்தான் வந்தது. அந்த நாலு நாளும் நான் குளிசையை இரண்டு தரம் எண்ணாமல் யாருக்கும் கொடுக்கவில்லை. தண்ணீர் வற்றி, யன்னல் திறந்து, வரிசை தொடங்கியது. சிவஞானம் ஐயா கதவுப் பையைக் கொண்டு வந்து, கிளினிக் கொப்பியின் பிரதியும் ஒரு கிழமைக் குளிசையும் உறுதிக்கு மேலே இருப்பதைக் காட்டிவிட்டுப் போனார்.

அடுத்த கிளினிக்கில் ஜெசிந்தா நின்றாள், கன்னம் ஒட்டி, கண் மட்டும் பழையபடி. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டால் என்ன, சாப்பிடாவிட்டால் என்ன, சத்தி வந்தால் என்ன, வெள்ளம் வந்தால் என்ன என்று ஒவ்வொன்றாக. டொக்டர் எழுதித் தந்த குறைந்த அளவைக் கொப்பியின் அட்டையில் சிவப்பு மையால் பெரிதாக எழுதினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, திரும்ப எனக்கே ஒப்புவித்துவிட்டு, ஜெசிந்தா கேட்டாள்:

"இவ்வளவும் இருக்கெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே மிஸ், நான் நிண்டு கேட்டிருப்பனே?"

ஆகவே என் யன்னலில் இப்போது வசனமும் நீளம், வரிசையும் நீளம். பின்னால் நிற்பவர்களே, நிறுத்தி வைத்த ஏச்சை இனித் தொடங்குங்கள், ஆனால் வரிசையை விட்டு மட்டும் போய்விடாதீர்கள்.