பாத்தியம் இல்லை என்று சொன்னவன்

மாடக்கண்ணுவுக்கு யாரிடமும் ஒரு கெட்ட வார்த்தை பேசத் தெரியாது. கடைசியில் அந்தப் பணிவுதான் அவன் குடியைக் கெடுத்தது.

திருவேங்கடத்துக்குக் கிழக்கே, கரிசல் காட்டில், நூற்றிருபது செம்மறிகளை வைத்துக் கிடை போட்டுப் பிழைத்தவன். ஆடுகளை ராத்திரி ஒரு நிலத்தில் அடைத்தால் அந்த நிலத்துக்கு உரம். நிலக்காரர் கூலி தருவார். பகலில் சுற்றியிருக்கும் தரிசில் மேய்ச்சல். சித்திரையில் இலத்தூர்ப் பக்கம் நெல்லறுத்த வயல்களுக்குப் போவான். குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி மாதத்தில், அந்தச் சாரலில் ஒரு பொட்டுகூட எட்டாத இந்தக் காட்டுக்கே திரும்பி வருவான். புரட்டாசி விதைப்பு வரைக்கும் தில்லைநாயகம் அண்ணாச்சியின் நாற்பது ஏக்கர் மானாவாரிக் காடுதான் அவனுக்கும் அவன் மனைவி குருவம்மாளுக்கும் சோறு.

கிடை போடுமுன் நிலக்காரரிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்று சொல்வான்: “ஒங்க காட்டுல எனக்கு ஒரு பாத்தியமும் இல்ல அண்ணாச்சி. இருன்னா இருக்கேன், போன்னா போயிருதேன்.”

“ஒன்னைய யாருலே போகச் சொன்னா? போய்க் கிடையப் போடு” என்பார் அவர்.

அப்பன் காலத்திலிருந்து வருகிற பேச்சு. சொல்கிறவனும் கேட்கிறவரும் அதை மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டார்களே தவிர, நிஜம் என்று எடுத்துக்கொண்டதில்லை.

அந்தக் காட்டைச் சூரிய மின்சாரத்துக்குக் குத்தகைக்குக் கேட்டு ஒரு கம்பெனி வந்தது. மாடக்கண்ணு அதற்கு எதிரி இல்லை. மாசியிலேயே ஆடுகள் நாக்கைத் தள்ளிக்கொண்டு சுருண்டு விழுவதைப் பார்த்தவன். “நிலக்கரிய எரிச்சு எரிச்சுத்தான் வெயிலு இப்பிடி ஏறிட்டாம். இது வந்தா நல்லதுதானட்டி” என்று குருவம்மாளிடம் அவனே சொன்னான்.

பஞ்சாயத்து மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பட்டா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்த நிலத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள் எழுந்து சொன்னால் மாற்று மேய்ச்சல் நிலம் தருவோம் என்றார் கணக்கெடுக்க வந்த அதிகாரி. மாடக்கண்ணு எழுந்தான். முன் வரிசை நாற்காலியில் தில்லைநாயகம் அண்ணாச்சி. அவ்வளவுதான், கை தானாகத் துண்டை இறக்கியது. அண்ணாச்சி இருக்கும்போது அவர் நிலத்தை என் பிழைப்பு என்று எந்த வாயால் சொல்வான்?

“அண்ணாச்சி காட்டுல எனக்கு ஒரு பாத்தியமும் இல்ல சார். போன்னா போயிருதேன்.”

சொல்லிவிட்டு அண்ணாச்சி முகத்தைப் பார்த்தான். வழக்கமான பதில் வரும் என்று நின்றான். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அட பாவி மனுஷா, ஒரு வார்த்தை! அதைச் சொல்லியிருந்தால் உம்முடைய குத்தகையில் என்ன குறைந்திருக்கும்? ‘உரிமை கோரவில்லை’ என்று அதிகாரி எழுதினார். மாடக்கண்ணு அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

“ஒமக்கு நாக்குல சனியா உக்காந்திருந்தான்?” என்று தலையில் அடித்துக்கொண்டாள் குருவம்மாள்.

கம்பி வேலி வந்தது. பக்கத்துக் காடுகளும் உள்ளே போயின. ராயகிரி வரைக்கும் ஆடுகளை ஓட்டிப் பார்த்தான். தெரியாத ஊரில் தோட்டக்காரர்கள் கம்பெடுத்து விரட்டினார்கள். அந்தக் கோடை வெயிலில் அறுபது செத்தன. மிச்சத்தைக் கறிக்கடை வியாபாரி ஏற்றிக்கொண்டு போனபோது அவன் வெளியே வரவில்லை. குருவம்மாள்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள், வாய்விட்டு அழுதுகொண்டே.

தப்பாய்ச் சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள் என்று மனு போட்டான். ஏழு மாதம் கழித்து ஒருவர் விசாரிக்க வந்தார்.

“ஆடு எங்க?”

“வித்தாச்சு சார்.”

“ஆடே இல்லன்னா மேய்ச்சல் நிலம் எதுக்கு?”

“ஆடு இருந்தா நான் எதுக்கு சார் ஒங்கள்ட்ட வாரேன்?”

அவர் சிரித்துவிட்டு மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டுப் போனார்.

இந்த வருஷம் அதே கம்பெனி இன்னும் இருநூறு ஏக்கர் கேட்டது. நிலமில்லாத சனம் முழுக்கத் திரண்டு கிராமசபையில் எதிர்ப்புத் தீர்மானம் கொண்டுவந்தது. கையெழுத்துப் போட வரிசையில் நின்ற மாடக்கண்ணுவிடம் கம்பெனிக்காரப் பையன் நம்பிராஜன் வந்து கெஞ்சினான். நல்ல பிள்ளைதான், மனதாரத்தான் பேசினான்.

“வருஷா வருஷம் வெயில் கூடுது அண்ணாச்சி. இதை நிறுத்துனா நாளைக்கு நம்ம எல்லாருக்கும்தான் கஷ்டம். ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன தம்பி? எங்க ஆட்டுல பாதிய அந்த வெயிலுதான் கொன்னுது.”

பேனாவை வாங்கி, தன் பேரை எழுத்துக் கூட்டி முழுசாக எழுதினான்.

“மிச்சப் பாதிய நீங்க கொன்னீங்க” என்றான்.