கோழியைக் காத்த குட்டி

எண்பதுகளில் ஆட்டுப்பட்டிக் காவலுக்காகக் குரும்பலூரிலிருந்து ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தேன். வந்ததும் என் மனைவியின் கோழியொன்றைக் கவ்விக் கொன்றது.

“இன்னொன்னத் தொட்டுச்சு, நாயோட நீங்களும் வூட்ட விட்டுக் கெளம்புங்க” என்றாள்.

நாய் பழக்கும் புத்தகமெல்லாம் படித்த மேதையல்லவா நான்! கோழியை நெருங்கினால் அதட்டினேன். விலகினால் கருவாடு கொடுத்தேன். விரைவில் அது கோழிகளுக்கு நடுவே படுத்துத் தூங்கியது.

அந்தப் பெருமையைக் காட்டவே அரியலூர் மைத்துனனை விருந்துக்கு அழைத்தேன்.

“நாட்டு நாய்க்கு ஏது மச்சான் அறிவு?” என்று இளித்தான். அவனுக்கு அறிவைப் பற்றிப் பேசுகிற தைரியம் எப்போதும் உண்டு.

“பொறுத்துப் பாரு மாப்ள” என்று குழம்புக்கான சேவலைப் பிடித்தேன். நாய் பாய்ந்து என் கையைக் கவ்வியது. சேவல் கூரையேறியது.

ஓடிவந்த மனைவி நாயைத் தடவினாள். “உங்களுக்கு இல்லாத புத்தி இதுக்கு வந்துடுச்சே!”

அன்று எங்களுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு, கருவாடு நாய்க்கு.

கோழியைத் தொடக்கூடாது என்ற பாடத்தில் எனக்கு விலக்கு உண்டென்று நானாகவே நினைத்திருந்தேன். நாய்க்கு அதை யாரும் சொல்லவில்லை.