அத்தாவுக்கு அனுப்பிய கேசட்

எங்கள் தெருவில் வளைகுடாவுக்குக் கடிதம் எழுதியவர்களைவிடக் கேசட் அனுப்பியவர்கள் அதிகம். விடுமுறை முடிந்து திரும்பும் யாராவது ஒருவரின் பெட்டியில், ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் நடுவே, பல வீடுகளின் குரல்கள் துபாய்க்குப் போகும். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் அங்கே ஒரு கடையில் வேலை பார்த்தார். மன்னார்குடிக்கு அருகே பாதி எழும்பி நின்ற எங்கள் வீட்டுக்குத் தளம் போடும்வரை அவர் ஊர் திரும்புவதில்லை என்பது அவருக்கும் அம்மாவுக்கும் இடையிலான பேச்சு.

பதிவு செய்யும் நாளில் அம்மா முதலில் வெந்நீர் குடிப்பார். சில வாக்கியங்கள் பேசுவார். பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போவார். திரும்பி வந்து தொடர்வார். அடுத்து என்ன சொல்வதென்று யோசிக்கப் போகிறார் என நினைத்துக்கொண்டேன். கேசட்டின் மறுபக்கம் எனக்கு. நன்றாக இருக்கிறேன், நன்றாகப் படிக்கிறேன் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வராது.

நான் ஒன்பதாவது படித்தபோது பள்ளியில் தமிழ் டீச்சர் ஒரு புதுப் பழக்கம் கொண்டுவந்தார். கட்டுரை எழுதுமுன் கண்ணை மூடி உட்கார்ந்து, தூரத்துச் சத்தத்திலிருந்து பக்கத்துச் சத்தம்வரை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் பேனாவைத் தொடலாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதற்குத் தூங்குற பீரியடு என்று பெயர் வைத்தாள். எனக்கோ, கண்ணைத் திறந்ததும் எழுத நிறைய இருந்தது.

அந்த முறை கேசட்டில் நான் பேசவில்லை. டேப்ரிக்கார்டரை ஜன்னலில் வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். தூரத்தில் ரைஸ்மில். வாய்க்காலில் புதிதாக வந்திருந்த தண்ணீர். தெருவில் ஐஸ் வண்டி. அடுப்படியில் அம்மா முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம். நாடா தீர்ந்து பொத்தான் தானாக எழும்பும்வரை நான் அசையவில்லை. அத்தாவுக்கு ஊரையே அனுப்பிவிட்டதாகப் பெருமை. அதே சத்தங்களைப் பள்ளியில் கட்டுரையாக எழுதினேன்; டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

சில வாரங்கள் கழித்து, பக்கத்து வீட்டு போனில் அத்தா அம்மாவை அழைத்தார். பேசிவிட்டு வந்த அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

“பின்பக்கத்துல என்னடி பேசுன?”

“ஒண்ணும் பேசலம்மா. சும்மா ஓட விட்டேன்.”

“பேச ஒண்ணும் இல்லன்னா பொட்டிய அமத்த வேண்டியதுதானே? ஊமைக்கு எதுக்குடி கேசட்டு?”

அடுத்த மாதமே அத்தா ஒப்பந்தத்தை முடிக்காமல் வந்துவிட்டார். பெட்டியைப் பிரிக்கும் முன்பே அம்மாவைத் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். காசநோய் என்றார்கள். அத்தாவுக்கு யார் சொன்னது என்று நான் கேட்டேன்; அவர் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினார். நெடுநாள் மாத்திரை சாப்பிட்டு அம்மா தேறினார். தளத்துக்காக நீட்டி விட்டிருந்த கம்பிகள் துருப்பிடித்தன. அத்தா மறுபடி துபாய் போகவில்லை.

நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு விடுமுறையில், அத்தா பத்திரப்படுத்தியிருந்த அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். ரைஸ்மில், வாய்க்கால், ஐஸ் வண்டி, முறம். முறம் நிற்கும் இடங்களிலெல்லாம் ஓர் இருமல், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருமும் இருமல். மாதக்கணக்கில் அந்த வீட்டில் இருந்த சத்தம் அது. எல்லாவற்றையும்விடப் பக்கத்தில் கேட்டது.

என் கட்டுரையில் அது இல்லை.