அணைந்தே கிடந்த மானிட்டர்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா பொட்டலத்தோடு இராஜபாளையம் போயிருந்தேன். என் மனைவியின் தம்பி பாண்டி அங்கே பேண்டேஜ் துணி யூனிட் நடத்துகிறான்.

ஆபீஸில் ஆர்டர் பார்க்கும் சுலைமான் பாய் எனக்குப் போனில் மட்டும்தான் பழக்கம். நேரில் பார்ப்பது அன்றுதான். விரல்கள் கீபோர்டில் பறக்கின்றன. மானிட்டரோ... ஒரே இருட்டு!

“பாய், ஸ்க்ரீனை ஆன் பண்ணலியே!” என்றேன், பெரிய உதவி செய்கிற தோரணையில்.

“எனக்கு எதுக்கு சார்? கரண்டுக்குத்தான் தண்டம்” என்று சிரித்தார். காதில் ஹெட்போன்.

“அவியளுக்குக் கண்ணு தெரியாது அத்தான். நான் சொல்லலியா?” என்றான் பாண்டி.

அசடு வழிந்தேன். ஸ்க்ரீனில் இருப்பதை ஒரு சாஃப்ட்வேர் அவர் காதில் படித்துச் சொல்கிறது. அதைக் கேட்டுத்தான் ஆர்டர் ஏற்றுகிறார், பில் போடுகிறார்.

இதற்கு முன் இருந்தது ஒரு கம்பெனியின் சாஃப்ட்வேர். பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும், அது புதியதில் ஏற மறுத்துவிட்டது. கேட்டால், “அந்த வெர்ஷனை நிறுத்திவிட்டோம்” என்று பதில். முடிந்தது கதை!

“வேற ஆளு போடணும்னு முடிவுக்கே வந்துட்டேன் அத்தான். மனசே இல்ல. ஆனா வேலை நடக்கணும்லா?”

பாய்க்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். இந்த நாற்காலி போனால் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

அப்போதுதான் பாயின் நண்பர் ஒருவர், யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். “சும்மா குடுக்கான்னா ஏதோ வில்லங்கம் இருக்கும்” என்று பாண்டி முகத்தைச் சுளித்தான். போட்டார்கள். எல்லாம் படித்தது. ஆனால் யூனிட்டின் பில்லிங் புரோகிராமில் ஆர்டர் கட்டங்கள் வந்ததும்... ஊமை! வாரக் கடைசி வரை பார்க்கலாம் என்று பாண்டி கெடு வைத்துவிட்டான்.

அதை உருவாக்குகிறவர்கள் கூடும் இணையப் பக்கத்தில் பாய் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினார். எப்படி? நம்ம ஊர் வழக்கப்படி! ஊர், தெரு, அத்தா பேர், பிள்ளைகள் படிப்பு, முதலாளியின் தங்கமான குணம் — எல்லாம் முடிந்து, கடைசி வரியில்தான் பிரச்சினை. பின்னே? “நீங்க யாரு வீட்டு ஆளு?” என்று கேட்காமல் நம் பக்கம் எந்தக் காரியம் நடந்திருக்கிறது?

எந்த நாட்டிலிருந்தோ ஒருவர் பதில் போட்டார். “எந்தக் கட்டத்தில் நிற்கிறது?” — அதை மட்டும்தான் கேட்டார். பாய் சொன்னார். மறுநாளே திருத்தம் வந்துவிட்டது. கூடவே, “இப்போது படிக்கிறதா?”

“கட்டம் வாயைத் தெறந்துச்சு பாருங்க சார்... அழுதுட்டேன்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் ஊர்க் கடைக்காரர் பால்கோவா பக்குவத்தை வாசலிலேயே எழுதி வைத்து, “சர்க்கரை கூடினா நீங்களே குறைச்சுக்கோங்க, எல்லாருக்கும் சொல்லுங்க” என்றால் எப்படி இருக்கும்? இங்கே அதுதான் நடந்திருக்கிறது. பாய்க்காகச் செய்த அந்தத் திருத்தம், உலகில் எவர் அதே இடத்தில் தடுக்கி நின்றாலும் அவருக்கும் சேர்த்துத்தான். அடேயப்பா!

“ஆளு யாருன்னு கேட்டீங்களா பாய்?”

“கேக்காம இருப்பனா? எந்த ஊரு, எத்தன பிள்ளைக, இம்புட்டு ஒத்தாசை எதுக்குன்னு எல்லாம் கேட்டேன். ஒண்ணுக்குத்தான் பதில் வந்துச்சு.”

“என்னன்னு?”

பாய் மானிட்டரைச் செல்லமாகத் தட்டினார்.

“அவிய வீட்லயும் இது ஆஃப்லதான் கெடக்குமாம் சார்.”