முதலாம் ஆண்டின் ஒரே பிள்ளை

யூஜினியா டீச்சர் பிடிவாதக்காரி. அதை அவரே ஒத்துக்கொள்வார். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனிலிருந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் செம்மண் சாலையின் கோடியில், மாதா கோவிலை ஒட்டி இருக்கிறது அந்தத் தமிழ்ப்பள்ளி. அங்கேதான் அவர் ‘அ’ எழுதப் பழகினார். இப்போது அதற்கே தலைமையாசிரியை.

ரப்பர்ப் பால்மரம் சீவப் போனவர்களின் பிள்ளைகள், வரிசை வீடுகளான லயத்தில் சும்மா சுற்றுகிறார்களே என்று, பங்குச் சாமியார் ஒருவர் கோவிலுக்குள்ளேயே உட்காரவைத்து ஆரம்பித்த பள்ளி அது. வேதக்காரப் பிள்ளைகளும் மாரியம்மன் கோவில் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு படித்தார்கள். அவர்கள் போட்ட இரைச்சலில் சாமியார் ஒருநாள் பூசையையே பாதியில் நிறுத்தினாராம். யாராவது கதை விட்டிருக்கலாம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் வெளிநாட்டு ஆட்கள் குடியேறினார்கள். தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக டவுன் பக்கம் போய்விட்டன. மிச்சமிருந்த கொஞ்சப் பிள்ளைகளும் மேல் வகுப்பில் படிக்கிற பையன்கள். முதலாம் ஆண்டு என்கிற ஒன்றாம் வகுப்புக்கு ஆளே வரவில்லையென்றால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் செம்பனைப் பழ லோரி ஓட்டும் லோகேஸ்வரன் அவர் கண்ணில் பட்டான். அவருடைய பழைய மாணவன். மகள் நித்தியாவை டவுன் தமிழ்ப்பள்ளியில் சேர்க்க இருந்தான். டீச்சர் விடுவாரா? அவன் வீட்டுக்கு நடையாய் நடந்தார்.

“கிளாஸ்ல ஒரே பிள்ள தம்பி. ராஜாத்தி மாதிரி பாத்துக்குவோம்.”

லோகேஸ்வரன் தலையைச் சொறிந்தான். “நீங்க எனக்கே படிச்சிக் குடுத்தவங்க டீச்சர். உங்க பேச்ச எப்படி லா தட்டுறது.”

புது ஆண்டில் நித்தியா வந்தாள். பள்ளி பிழைத்தது. டீச்சர் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

வந்த புதிதில் வாய் ஓயாமல் பேசிய பிள்ளை, போகப் போகக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். இடைவேளையில் பையன்கள் பந்து விளையாடப் போய்விடுவார்கள். அவள் அலுவலக வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பாள். டீச்சர் பார்ப்பார். பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவார். பள்ளி நிற்க வேண்டுமே.

விளையாட்டுப் போட்டி நாள் வந்தது. முதலாம் ஆண்டு ஓட்டத்துக்குக் கோட்டில் நித்தியா மட்டும் நின்றாள். ஊர் மானம் போகக் கூடாதென்று கூடாரத்தில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். விசில் ஊதியதும் பிள்ளை நன்றாகத்தான் ஓடினாள். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“ஓடு நித்தியா, ஓடு,” என்று எல்லாரும் கத்தினார்கள். அவள் அசையவில்லை. டீச்சர் வெயிலில் இறங்கி அவளிடம் போனார்.

“ஏம்மா நின்னுட்ட?”

“யாராச்சும் வராங்களான்னு பாக்குறேன் டீச்சர்.”

டீச்சர் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கோட்டைத் தாண்ட வைத்தார். முதல் பரிசு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பள்ளியைத் தூக்கி நிறுத்த இந்தச் சின்னப் பிள்ளையை அல்லவா முட்டாக வைத்திருக்கிறோம் என்று நினைத்தார்.

போட்டி முடிந்து லோகேஸ்வரன் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது டீச்சர் அவனிடம் வந்தார். “டவுன் ஸ்கூல்ல சேத்துரு தம்பி. ஆக வேண்டியத நான் செஞ்சி தரேன்.”

“அப்ப நம்ம ஸ்கூலு?”

டீச்சர் மோட்டார் பக்கத்தில் நின்ற நித்தியாவைப் பார்த்தார். அவன் குனிந்து தரையைப் பார்த்தான்.

“நானே கேக்கலாம்னுதான் இருந்தேன் டீச்சர். காலையில அழுவுறா. உங்க மூஞ்சப் பாத்தா வாய் வரல.”

இத்தனை மாதம் தன் முகத்துக்காக ஒரு வீடே பொறுத்துக்கொண்டிருந்தது டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது. நித்தியாவைத் தூக்கி மோட்டாரில் உட்காரவைத்தார். 

“நீ டவுன் ஸ்கூலுக்குப் போறியாம்மா?”

“அங்க முதலாம் ஆண்டுல நெறைய பேரு இருப்பாங்களா?”

“இருப்பாங்க.”

நித்தியா கொஞ்சம் யோசித்தாள். “அப்ப நான் கடைசியா வந்தாலும் பரவால்ல டீச்சர்.”