பேட் எனக்குத்தான் அண்ணே!

போன மழைக்காலத்துல ஒரு நாள், வேலை விஷயமா அந்தமான் போர்ட் பிளேர்ல இருந்து ரங்கட்டுக்கு பஸ்ல போயிட்டிருந்தேன். முதல்லயே சொல்லிடறேன், நான் திருநம்பி. பொண்ணாப் பொறந்து ஆம்பளையா வாழறவன். தாடி உண்டு, குரலும் கட்டை. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இது தெரியாது. ஹார்மோன் ஊசி போட்டுக்கறதால மாதவிடாய் நின்னு ரொம்ப நாளாச்சு. அந்த ஊசி மெயின்லேண்ட்ல இருந்து வரணும். அந்தத் தடவை வந்தே சேரலை.

ஜிர்காட்டாங் தாண்டினா ஜாரவா மக்கள் வாழற காடு. வண்டிங்க எல்லாம் போலீஸ் காவலோட கான்வாயா வரிசைகட்டித்தான் போகணும். நடுவுல யாருக்காகவும் நிறுத்த மாட்டாங்க. சரியா அந்த இடத்துலதானா அடிவயிறு இழுத்துப் பிடிக்கணும்? கொஞ்ச நேரத்துல ஈரமும் தெரிஞ்சுது. எனக்கு உசுரே போயிடுச்சு. போட்டிருந்தது வெளிர் கலர் பேன்ட் வேற. காடு முடிஞ்சதும் படகுத்துறையில எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்கி, ஃபெர்ரியில நின்னுக்கிட்டே பாராடாங் தீவுக்குப் போகணும். நான் மட்டும் உக்காந்திருக்க முடியாது. ரெண்டு சீட் முன்னாடி என்கூட வேலை பாக்கறவர். அவர் கண்ணுல பட்டா சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ் முழுக்கப் பரவிடும். அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வேலைக்குப் போறது?

பக்கத்து சீட்ல ஒரு தமிழ்க்காரர். ரங்கட்ல மளிகைக் கடை வெச்சிருக்கார். போர்ட் பிளேர் ஜங்லிகாட்ல சரக்கு எடுத்துட்டு வந்தவர், ஏறினதுல இருந்து வெங்காய விலை, கப்பல் லேட்டுன்னு தொணதொணத்துட்டே வந்தார். எனக்குச் சரியான எரிச்சல். அவர் காலடியில ஒரு அட்டைப்பெட்டி. "லேடீஸ் ஐட்டம், கால் படாமப் பாத்துக்கோ தம்பி"ன்னு ஏறும்போதே சொல்லியிருந்தார். பெட்டி மேல பேட் படம் போட்டிருந்துச்சு.

வேற வழி? குரலை இறக்கி, "அண்ணே, அதுல ஒரு பாக்கெட் தரீங்களா?"ன்னேன்.

"வீட்ல கேட்டாங்களா? ஊர் போய்ச் சேர்ந்ததும் பிரிச்சுத் தரேன்."

"இப்பவே வேணும்ணே. எனக்குத்தான்."

சிரிச்சார். நான் சிரிக்கலை. என் மூஞ்சியைப் பாத்தார், வயித்தை அழுத்திட்டிருந்த கையைப் பாத்தார். போச்சுடா, சத்தம் போடப் போறார்னு நினைச்சேன். மனுஷன் குனிஞ்சு, சாவியால டேப்பைக் கிழிச்சார். கடையில கேக்கற மாதிரியே, ஆனா மெதுவா, "சாதாவா, எக்ஸ்எல்லா தம்பி?"ன்னார்.

எனக்கு அழுகை முட்டிட்டு வந்துது. "எக்ஸ்எல்"னேன்.

தோள்ல கிடந்த துண்டை எடுத்து என் மடியில போட்டு, இடுப்புல சுத்திக்கச் சொன்னார். படகுத்துறை வந்து கண்டக்டர் "உத்ரோ, சப் உத்ரோ!"ன்னு இந்தியில எல்லாரையும் இறங்கச் சொன்னதும் எனக்குப் பின்னாடி ஒட்டிட்டே இறங்கினார். என் ஆபீஸ்காரர் என்னாச்சுன்னு திரும்பினார். "தம்பிக்கு வயிறு சரியில்லை, வழி விடுங்க சார்"னு இவரே முந்திக்கிட்டார். ஜென்ட்ஸ் டாய்லெட் வாசல்ல ஒரு கறுப்பு கவரை நீட்டினார். உள்ள குப்பைத் தொட்டி இருக்காதாம். எனக்கே அது தோணலை.

ஃபெர்ரியில நிக்கும்போது அவரா ஆரம்பிச்சார். "இத்தனை வருஷமா லேடீஸ் ஐட்டம்னு சொல்லியே வித்துட்டேனே, உன்னை மாதிரி ஒருத்தன் கடைக்கு வந்தா எப்படிடா வாயைத் திறந்து கேப்பான்?"

"பேட்னு சொன்னாப் போதும்ணே. யாருக்குன்னு கேக்காமக் குடுத்தா இன்னும் நல்லது."

"அட, அவ்ளோதானா!"ன்னுட்டு மறுபடி வெங்காயத்துக்குப் போயிட்டார்.

எங்கப்பாவுக்கு என்னைப் பத்தி எல்லாம் தெரியும். இன்னிக்கும் போன்ல "என்னம்மா"ன்னுதான் ஆரம்பிப்பார். முன்பின் தெரியாத அந்த மனுஷன், எல்லாம் தெரிஞ்ச பிறகும் ரங்கட்ல இறங்கற வரைக்கும் என்னைத் தம்பின்னுதான் கூப்பிட்டார். அதை நினைச்சா இப்பவும் எனக்கு நெஞ்சை நிமிர்த்தி நடக்கத் தோணுது.