ஈஸ்ட்டுக்கு வெந்நீர்

புளிக்க வேண்டிய எதற்கும் சூடு நல்லது என்றே எங்கள் குடும்பம் நம்பியிருந்தது. ஏற்காட்டுக் குளிரில் தோசை மாவு எளிதில் பொங்காது. வெந்நீரில் கரைத்து அடுப்போரம் வைப்போம். வேறு வழி உண்டா என்ன?

அந்த நம்பிக்கைதான் கடந்த மார்கழியில் என் மகள் தேன்மொழியின் முனைவர் பட்டத்தையே கவிழ்க்கப் பார்த்தது!

அவள் ஆராய்வது ஈஸ்ட்டை. அதன் உட்கருவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. என்னும் செய்திகள் வெளியே வந்தால்தான் புரதம் உருவாகும். கடுஞ்சூடு பட்டால் பெரும்பாலான செய்திகள் உள்ளேயே நிறுத்தப்படும். உயிர்காக்கும் செய்திகள் மட்டும் வெளியேறும். மலைப்பாதையில் மண் சரிந்தால் பஸ்களை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸை மட்டும் விடுவார்களே — அப்படி.

செய்திகளை ஒளிரவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். சூடேற்றிய செல்களில் ஒளி நடுவில், உட்கருவுக்குள்ளேயே குவியும். சூடேற்றாதவற்றில் பரவ வேண்டும். ஆனால் இங்குள்ள ஆய்வகத்தில் அவள் பார்த்தபோதெல்லாம் இரண்டிலும் குவிந்தே கிடந்தது.

"இன்னொரு முறை இப்படி வந்தால் தலைப்பை மாற்றிவிடலாம்" என்றார் நெறியாளர். ஆண்டுக்கணக்கான உழைப்பு...

அந்த ஞாயிறு நான் மாவில் வெந்நீர் ஊற்றுவதைப் பார்த்து, என் மகனைக் கட்டிக்கொண்டு சேலத்திலிருந்து வந்த மருமகள் சுகன்யா சிரித்தாள்.

"ஏனுங்க அத்தை, மாவைக் குளிப்பாட்டறீங்களா? எங்கூர்ல பச்சத்தண்ணிதானுங்க."

"உங்கூர்ல பைப்புலயே வெந்நீர்தான கண்ணு வருது!" என்றேன்.

சுகன்யா விடவில்லை. "ஏந் தேனு, நீயும் உன்ற ஈஸ்ட்டை வெந்நீர்லதான் குளிப்பாட்டறயா?"

தேன்மொழி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆமாங்க அண்ணி... பாக்கறதுக்கு முன்னால செல்லைக் கழுவற தண்ணியக் கெட்டில்ல காய வெச்சுத்தான் ஊத்தறேன். அதுங்களுக்குக் குளிருமேன்னு நெனச்சேன். ஐயோ, அந்தச் சூட்டுலயே எல்லாம் உள்ள நின்னிருக்கும்!"

மறுநாளே புதிய செல்களை எடுத்தாள். கழுவும் நீரை, ஈஸ்ட் வழக்கமாக வளரும் வெப்பத்தோடு நிறுத்தினாள். எங்கள் இருவரையும் அழைத்துப்போய்க் காட்டவும் செய்தாள். சூடேற்றியவற்றில் நடுவே ஒரு பொட்டு. மற்றவற்றில் செல் முழுக்க ஒளி!

"நெலாவை உடைச்சுத் தூவுனாப்ல நொம்ப அழகா இருக்குது!" என்று கத்தினாள் சுகன்யா. தேன்மொழி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். யாரையும் எளிதில் பாராட்டாத நெறியாளர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தலைப்பு அதேதான்."

குளிருமே என்ற கரிசனம்தான் அத்தனை செய்திகளையும் அடைத்துவைத்திருந்தது. அன்பு செலுத்துவோரும் அவ்வப்போது தெர்மாமீட்டர் பார்க்க வேண்டும் போலும்!

சென்ற வாரம் தேன்மொழி முனைவரானாள். நேற்று, பெங்களூருவில் கிடைத்த புதிய ஆய்வுப் பணிக்காகப் பஸ் ஏறினாள்.

ஏற்காட்டில், தலைச்சோலை என்ற ஊரிலுள்ள எங்கள் வீட்டில் இப்போது என் மகனும் சுகன்யாவும் நானும் இருக்கிறோம்.